டாக்டருக்கு பி.ஏ. வேலையா? பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு பத்தி விவரம் வேணும்

மின்ட்_சித்தி:

அக்கா பொண்ணு இந்த வருஷம் +2 முடிச்சிருக்கா. பயாலஜி குரூப், அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. நீட் மார்க் எம்.பி.பி.எஸ்.க்கு எட்டாது, நர்சிங் வேண்டாம்னு சொல்றா. பிசிஷியன் அசிஸ்டன்ட்னு ஒரு பட்டப்படிப்பு இருக்குன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. வீட்டுப் பெரியவங்க "டாக்டருக்கு பி.ஏ.வா இருந்து டைரி எழுதறதுக்கு நாலு வருஷமா?"ன்னு கேக்கறாங்க. சீட் வாங்கித் தர்றேன்னு வந்த ஒருத்தர் "முடிச்சா பாதி டாக்டர், நேரா லண்டன்ல வேலை"ங்கறார். ரெண்டு பேச்சுமே சரியாப் படல.

பேர் அசிஸ்டன்டா, அசோசியேட்டா? உள்ளே என்ன சொல்லித் தர்றாங்க? முடிச்சப்புறம் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது? அரசு கவுன்சிலிங்ல எப்படிச் சேர்றது? லண்டன் கதை எவ்வளவு தூரம் நிஜம்? விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.

---

கீழ்ப்பாக்கம்_கோப்பு:

மேடம், பேரையும் சட்டத்தையும் சேர்க்கையையும் நான் எழுதுகிறேன். வார்டு விஷயத்தை வார்டில் இருப்பவர்கள் எழுதட்டும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்தப் பட்டம் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் என்றே அறியப்படுகிறது. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். ஆனால் 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் "பிசிஷியன் அசோசியேட்" என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வேலைதான். பட்டத்தில் ஒரு பெயரும் சட்டத்தில் இன்னொரு பெயரும் இருப்பதைக் காட்டி "எங்கள் படிப்பு அதைவிட உயர்ந்தது" என்று யாராவது கூடுதல் கட்டணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

அந்தச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது 3600 மணி நேரப் பட்டப்படிப்பு, அதுவும் 3 முதல் 6 ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். இணைத் தொழில்முறையாளருக்கு 2000 மணி நேரம், 2 முதல் 4 ஆண்டுகள். ஆகவே "ஒரு வருட டிப்ளமோ, சனி ஞாயிறு வகுப்பு" என்று கடை மாடியில் பலகை தொங்கினால், கணக்கைப் போட்டுப் பார்த்தாலே உண்மை வெளுத்துவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-இல் நிறுத்திவிட்டது.

எதைத் தொடக்கூடாது என்றால், சுருக்கமாக, டாக்டரின் கையெழுத்து வேண்டிய எதையும். ஷெட்யூல் எச் மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தந்தால்தான் கடையில் கொடுக்க வேண்டும் என்பது மருந்து விதி. பிசிஷியன் அசிஸ்டன்ட் வரைவு எழுதலாம், கையெழுத்து டாக்டருடையது. மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்று, மெடிக்கோ லீகல் (போலீஸ், கோர்ட் வழக்குக்கான) அறிக்கை எல்லாம் அப்படியே. தனியாக கிளினிக் போட்டு உட்கார்ந்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34 பாயும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பாதி டாக்டர்" என்று எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவு கிடையாது. அந்த மனிதரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சேர்க்கை: கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுதான் அரசு ஒதுக்கீட்டை நடத்துகிறது. பி.பார்ம்., பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, ரேடியோகிராபி, டயாலிசிஸ், ரெஸ்பிரேட்டரி தெரபி, பிசிஷியன் அசிஸ்டன்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்கக் கையேடு, ஒரே விண்ணப்பம். +2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். தரவரிசை +2 மதிப்பெண்ணில். இந்தப் படிப்புக்கு நீட் மதிப்பெண்ணை வைத்து வரிசை போட்டதில்லை. ஆனாலும் அந்தந்த ஆண்டுக் கையேட்டைத் திறந்து தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள், பழைய கையேட்டின் பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழுவது சாய்ஸ் கொடுக்கும் இடத்தில். கல்லூரியும் படிப்பும் சேர்ந்ததுதான் ஒரு சாய்ஸ். "வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே" என்று ஸ்டான்லியில் உள்ள எல்லாப் படிப்பையும் மேலே அடுக்கிவிட்டால், பிசிஷியன் அசிஸ்டன்ட் கேட்டு வந்த பிள்ளைக்கு வேறு ஏதோ தொழில்நுட்பப் படிப்பு விழும். படிப்புதான் முக்கியம் என்றால் முதலில் அந்தப் படிப்பு இருக்கும் எல்லாக் கல்லூரிகளையும் வரிசையாக வையுங்கள், பிறகு இரண்டாவது விருப்பப் படிப்பு. எந்தெந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது அந்த ஆண்டின் இடப் பட்டியலில் இருக்கும். அதைப் பார்க்காமல் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழிக்கும் விரித்தார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள பொறுப்பு ஆசிரியர் வழியாகப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு மாணவியின் பெயரில், ஆதாரோடு இணைத்து இருக்கட்டும். அப்பா கணக்கைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைபவர்கள் உண்டு.

---

ஐசியு_பெட்9:

கோப்பு சார் சட்டத்தைச் சொல்லிட்டாரு. உள்ளே என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன் அக்கா. கொஞ்சம் நீளமாவே வரும்.

முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், அப்புறம் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். எந்தப் பாடம் எந்த வருஷம்ங்கறது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அடுத்து பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம். கடைசியில இதயம், சிறுநீரகம், நரம்பு, எலும்புன்னு தனித்துறைகள். புஸ்தகத்துல பாத்தா எம்.பி.பி.எஸ். பாடத்தோட சுருக்கம் மாதிரி இருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைங்க முதல் மூணு மாசம் மருந்தியல்ல திணறுவாங்க. அது அறிவுக் குறை இல்ல, வார்த்தைப் பழக்கம். மருந்துப் பேரோட வால் என்னன்னு பாக்கக் கத்துக்கிட்டா பாதி பாரம் இறங்கிடும்: "ஓலால்"னு முடிஞ்சா பெரும்பாலும் பீட்டா பிளாக்கர், "பிரில்"னா ஏ.சி.ஈ. தடுப்பான், "சார்ட்டன்"னா ஆஞ்சியோடென்சின் தடுப்பான் (இந்த மூணுமே பிபி குறைக்கக் கொடுக்கறது), "ஸ்டாட்டின்"னா கொழுப்பைக் குறைக்கற மாத்திரை.

ஆனா இந்தப் படிப்போட உயிர் வார்டு போஸ்டிங்லதான். அங்க மூணு வேலைல பிள்ளை தேறிட்டா எந்த ஆஸ்பத்திரியும் எடுத்துக்கும்.

முதல் வேலை, கேஸ் எழுதறது. நோயாளி என்ன தொந்தரவுன்னு வந்தார், எத்தனை நாளா, முன்னாடி என்ன நோய், என்ன மாத்திரை, எதுக்கு அலர்ஜி. "பிபி மாத்திரை சாப்பிடறேன்"னு சொன்னா அதோட விட்டுடக் கூடாது. அட்டையைக் கொண்டு வரச் சொல்லிப் பேரையும் மில்லிகிராமையும் எழுதணும், கடைசியா எப்ப சாப்பிட்டார்னும் எழுதணும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நேத்து ராத்திரி சாப்பிட்டவரை இன்னிக்குக் காலைல ஆபரேஷனுக்கு ஏத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, கைவேலை. உதாரணத்துக்கு ஏ.பி.ஜி., அதாவது ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவு பாக்கத் தமனி ரத்தம் எடுக்கறது. பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். நடைமுறை இது:

மணிக்கட்டுல ரெண்டு தமனியையும் அழுத்திப் பிடிச்சு, நோயாளியைக் கையை மூடித் திறக்கச் சொல்லி, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டு விரல் பக்கத் தமனியை மட்டும் விடணும். சுமார் 10 வினாடிக்குள்ள கை சிவந்தா, கட்டைவிரல் பக்கம் ஊசி போடலாம். இல்லன்னா அந்தக் கையை விட்டுடுங்க. துணியைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அடியில கொடுத்துக் கொஞ்சம் பின்னால வளைக்கணும். ஹெபரின் (ரத்தம் உறையாம தடுக்கற மருந்து) போட்ட சிரிஞ்ச், 22 அல்லது 23 கேஜ் ஊசி, சுமார் 45 டிகிரி சாய்வு, ரத்த ஓட்டத்துக்கு எதிர்த் திசை. தமனியைத் தொட்டா துடிப்புலயே சிரிஞ்ச் ஏறும், இழுக்க வேண்டியதில்ல. 1 முதல் 2 மில்லி போதும். ஊசியை எடுத்ததும் கடிகாரத்தைப் பாத்து 5 நிமிஷம் அழுத்தணும், ரத்தம் இளகற மருந்து சாப்பிடறவருக்கு இன்னும் கூடுதலா. சிரிஞ்சுல இருக்கற காற்றுக் குமிழியை வெளியேத்தி, மூடி போட்டு, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல உருட்டி ஹெபரினோட கலக்கணும்.

இதுல தப்பு எங்க நடக்கும்? குமிழி தங்கிட்டா வெளிக்காத்து ரத்தத்துல கலந்து, ஆக்சிஜன் குறைவா இருக்கற நோயாளிக்கு நல்லா இருக்கற மாதிரி அளவு காட்டும், கார்பன் டை ஆக்சைடு குறைச்சுக் காட்டும். திரவ ஹெபரின் சிரிஞ்சுல மிச்சம் இருந்தா ரத்தம் நீர்த்துப்போய் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் இறங்கிடும், இல்லாத அமிலத்தன்மையைத் தேடி வைத்தியம் ஓடும். எடுத்த சிரிஞ்சை டிரேயில வெச்சுட்டு டீ குடிக்கப் போனா, ரத்த அணுக்கள் உள்ளேயே ஆக்சிஜனைத் தின்னுக்கிட்டிருக்கும். பிளாஸ்டிக் சிரிஞ்சுன்னா 30 நிமிஷத்துக்குள்ள மெஷின்ல போட்டாகணும். எல்லாத்தையும் விட அதிகமா நடக்கற தப்பு, எவ்வளவு ஆக்சிஜன் போயிட்டிருந்தப்ப எடுத்ததுன்னு சீட்டுல எழுதாம விடறது. மூக்குக் குழாயில 2 லிட்டர் ஆக்சிஜன் போறப்ப ரத்த ஆக்சிஜன் அளவு 80-னு வந்ததுக்கும், வெறும் காத்துல 80-னு வந்ததுக்கும் அர்த்தமே வேற.

மூணாவது, டிஸ்சார்ஜ் சம்மரி. பசங்க இதை க்ளார்க் வேலைன்னு இளக்காரமா நினைப்பாங்க. வீட்டுக்குப் போற நோயாளியோட உயிர் அந்தத் தாள்லதான் இருக்கு. நம்ம ஊர்ல இன்சுலின் ரெண்டு செறிவுல வருது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. சம்மரில "இன்சுலின் 20 யூனிட்"னு மட்டும் எழுதி அனுப்பறாங்கன்னு வைங்க. வீட்ல 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 20-ஆம் கோடு வரைக்கும் இழுத்தா, அது அரை மில்லி, உள்ளே போறது 50 யூனிட். ராத்திரியே சர்க்கரை இறங்கி மயக்கம். மாத்திப் போட்டு, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடில இழுத்தா வெறும் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை குறையவே குறையாது. அதனால மருந்து பேரு, செறிவு, சிரிஞ்ச் மூடி நிறம், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் முன்னாடி, எல்லாமே எழுதணும். "யூனிட்"ங்கறதுக்கு இங்கிலீஷ்ல ஒத்தை எழுத்துப் போடவே கூடாது, அவசர எழுத்துல அது சைபர் மாதிரி இருக்கும், 4 யூனிட் 40 ஆயிடும். ஸ்டென்ட் வெச்சவர்னா எந்தத் தேதி வெச்சது, ரத்தம் உறையாம இருக்கற ரெட்டை மாத்திரை எதுவரைக்கும், யார் சொல்லாம நிறுத்தக் கூடாதுன்னு தமிழ்ல ஒரு வரி எழுதிட்டாப் போதும்.

இதுக்கு நடுவுல ராத்திரி டியூட்டில டாக்டருக்குப் போன் பண்ற முறைன்னு ஒண்ணு இருக்கு, அதையும் பழகணும். "சார், பேஷன்ட் சரியில்ல"ன்னா அது தகவலே இல்ல. "பெட் 9, குடல் ஆபரேஷன் முடிஞ்சு 6 மணி நேரம், எடை 60 கிலோ, மூத்திரம் 6 மணி நேரத்துல 120 மில்லி, பிபி இவ்வளவு, துடிப்பு இவ்வளவு, மூத்திர டியூப் மடங்கலை, பாத்துட்டேன்." ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லின்னா 30 வரணும், இவருக்கு 20தான் வருது. டியூப் மடங்கியிருக்கான்னு பாத்துட்டுப் போன் பண்றவங்களும், பாக்காமப் பண்றவங்களும் ஒரே மாசத்துல தனித்தனியாத் தெரிஞ்சுடுவாங்க.

---

பெரம்பூர்_லோகோ:

பெட்9 சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, ஆபரேஷன் தியேட்டர். இந்தப் படிப்புக்கும் வடசென்னைக்கும் ஒரு உறவு இருக்கறதையும் சொல்லிடறேன், பெரியவங்ககிட்ட சொல்ல உதவும்.

இந்தியாவுல முதல் பைபாஸ் ஆபரேஷன் 1975-ல நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில நடந்தது. செஞ்சவர் டாக்டர் கே.எம்.செரியன். அவர் பின்னாடி ஆரம்பிச்ச மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல, முகப்பேர்ல, 1992-ல நாட்டுலயே முதல் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு தொடங்கிச்சு. இதய அறுவை அரங்குல பயிற்சி பெற்ற ரெண்டாவது கை வேணும்ங்கற தேவைல பொறந்தது இது. டைரி எழுதற பி.ஏ. எங்க, இது எங்க!

அந்த ரெண்டாவது கை என்ன பண்ணும்னா, பைபாஸ்ல கால் சிரை எடுக்கறது பல இடத்துல பயிற்சி பெற்ற பிசிஷியன் அசிஸ்டன்ட் வேலை, சர்ஜனோட மேற்பார்வைல. கணுக்கால்லேந்து தோலைத் திறந்து சிரையைச் சுத்தி இருக்கற திசுவை விலக்கி, கிளைகளைச் சிரையோட சுவருக்கு ரொம்ப ஒட்டியும் கட்டாம, ரொம்பத் தள்ளியும் கட்டாம முடிச்சுப் போடணும். ஒட்டிக் கட்டினா அந்த இடத்துல சுருங்கும், தள்ளிக் கட்டினா ஒரு பை மாதிரி நின்னு அங்க ரத்தம் உறையும். ஒழுகுதான்னு பாக்க சிரிஞ்சுல திரவம் ஏத்தும்போது பலூன் மாதிரி ஊத வெச்சா உள்சுவர் கிழியும், இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி அடைப்பா வந்து நிக்கும். அப்புறம் திசை. சிரைக்குள்ள வால்வு இருக்கு, ரத்தம் கணுக்கால்லேந்து தொடைப் பக்கம் மட்டும்தான் போகும். அதனால கணுக்கால் முனை மகாதமனியிலயும், தொடை முனை இதயத் தமனியிலயும் சேரணும். எடுத்த உடனே ஒரு முனைல அடையாளம் வைக்கலன்னா, கிண்ணத்துல சுருண்டு கிடக்கற சிரையில எது எந்த முனைன்னு தேட வேண்டியதாயிடும்.

இதெல்லாம் சொல்றது ஆசை காட்ட இல்ல. எல்லா ஊர்லயும் எல்லாருக்கும் இது கிடைக்காது. பெரிய அரசு ஆஸ்பத்திரில கூட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. ஸ்டான்லில ஒரே காலைல பாக்கற நோய்களை ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரில மாசக்கணக்குல பாக்க முடியாது. கை அறுவைக்கு அங்க இருக்கற துறைக்கு நாடு முழுக்கப் பேரு. ஆனா அரசு போதனா மருத்துவமனைல முதுகலை மாணவர், ஹவுஸ் சர்ஜன், எம்.பி.பி.எஸ். மாணவர்னு வரிசையா நிப்பாங்க, அவங்களுக்குப் பின்னாடி கழுத்தை நீட்டிப் பாக்கற நிலைமைதான் பல நாள். தனியார்ல கைவேலை கூடுதல், ஆனா அந்த ஆஸ்பத்திரி இதயத்துக்கு மட்டும் பேர் போனதுன்னா, பிரசவ வார்டும் குழந்தை வார்டும் பேருக்குத்தான் இருக்கும். என் கணிப்பு: அரசு இடம் கிடைச்சா எடுத்துக்கலாம், இன்டர்ன்ஷிப் வருஷத்துல கைவேலையை ஈடு கட்டிக்கலாம். நோய் பாத்த கண்ணுதான் முதல்ல வேணும்.

---

ஐசியு_பெட்9:

லோகோ, பாதிதான் ஒத்துக்குவேன். கழுத்தை நீட்டி நின்னே மூணு வருஷம் போனவங்க இன்டர்ன்ஷிப்ல சிரிஞ்சைத் தொடப் பயப்படறாங்க. லாக் புக் இருக்கற காலேஜா பாருங்க அக்கா, அரசா தனியாரான்றது அதுக்கு அப்புறம்தான். என்ன வேலை, எத்தனை தடவை பாத்தது, எத்தனை தடவை உதவி செஞ்சது, எத்தனை தடவை மேற்பார்வைல தானே செஞ்சதுன்னு தனித்தனிக் கட்டம் போட்டு, டாக்டர் கையெழுத்தோட இருக்கணும். வருஷக் கடைசில ஒரே பேனாவுல, ஒரே நாள்ல எழுதின லாக் புக் எப்படி இருக்கும்னு வெளித் தேர்வாளருக்கு நல்லாத் தெரியும்.

---

காசிமேடு_டு_லண்டன்:

வெளிநாட்டுக் கேள்விக்கு மட்டும் வர்றேன் மேடம். "நேரா லண்டன்"ங்கறது பொய்.

பிரிட்டனில் இது பட்டத்துக்கு மேல் படிப்பு. உயிர் அறிவியல் சார்ந்த பட்டம் முடித்தவர்கள் சேரும் சுமார் 2 ஆண்டு முதுநிலைப் பயிற்சி, அதில் 1600 மணி நேரம் மருத்துவமனையிலும் குடும்ப மருத்துவரிடமும் நேரடிப் பயிற்சி. பிறகு தேசியத் தேர்வு. 2024 டிசம்பர் 13 முதல் டாக்டர்களைப் பதிவு செய்யும் அதே ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்தான் இவர்களையும் பதிவு செய்கிறது. இந்திய பி.எஸ்சி.யைக் காட்டி அந்தப் பதிவை நேராக வாங்க முடியாது, அங்கே போய் அந்தப் படிப்பைப் படித்தாக வேண்டும்.

படித்தாலும் அங்கே இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. நோயாளிகள் தங்களைப் பார்ப்பவர் டாக்டரா இல்லையா என்று தெரியாமல் குழம்புகிறார்கள் என்று பெரிய சர்ச்சை கிளம்பி, அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் பேராசிரியர் ஜில்லியன் லெங் ஆய்வு செய்து 2025 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். "அசோசியேட்" என்ற பெயரை எடுத்துவிட்டு "அசிஸ்டன்ட்" என்றே அழைக்க வேண்டும், வகுத்த நெறிமுறைக்கு வெளியே, இன்ன நோய் என்று இன்னும் தெரியாத நோயாளியை இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். வேடிக்கை பாருங்கள், நம் சட்டம் அசிஸ்டன்டை அசோசியேட் ஆக்கிய சில ஆண்டுகளில் அங்கே அசோசியேட்டை அசிஸ்டன்ட் ஆக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காதான் இந்தத் தொழிலின் பிறந்த வீடு. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்துத் தொடங்கினார். இப்போது அங்கே அது முதுகலைப் பட்டம், பெரும்பாலும் 27 மாதம் ஓடும். உரிமத்துக்கு முந்தைய தேசியத் தேர்வில் 300 கேள்விகள், 60 வீதம் ஐந்து பகுதி. அந்தத் தேர்வு எழுத அமெரிக்க அங்கீகாரக் குழு அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும், அந்தக் குழு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள படிப்புகளை அங்கீகரிப்பதில்லை. ஆக, நம் பி.எஸ்சி. அங்கே சேர்க்கைக்கான அடிப்படைப் பட்டமாக உதவலாம், நோயாளிகளோடு வேலை செய்த மணி நேரமும் பல கல்லூரிகளில் கணக்கில் வரும். வேலை உரிமமாக உதவாது.

என்றாவது அந்த வழியில் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாடவாரியான பாடத்திட்டம், மணி நேரக் கணக்கு, மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்று எல்லாவற்றையும் கல்லூரி முத்திரையோடு படிப்பு முடியும்போதே வாங்கி வைப்பது. ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது.

---

மின்ட்_சித்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிரை திசை மேட்டரைப் படிச்சுட்டு அவ முகமே மாறிடுச்சு, இதுதான் வேணும்கறா! பாட்டிகிட்ட பெரம்பூர் கதையைச் சொன்னோம், "ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பிச்சதா, அப்ப சரி"ன்னுட்டாங்க.

ரெண்டே சந்தேகம். கவுன்சிலிங்ல கிடைக்காம தனியார் காலேஜைப் போய்ப் பாக்கறதா இருந்தா என்ன கேக்கணும்? ரிசல்ட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல சும்மா இருக்கற நாள்ல என்ன படிக்கலாம்?

---

கீழ்ப்பாக்கம்_கோப்பு:

தனியார் என்றால் முதல் கேள்வி, பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு என்றால் இந்தப் படிப்புக்கான, நடப்பு ஆண்டுக்கான இணைப்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருக்கும், இந்தப் படிப்புக்கு இருக்காது, அப்படியும் நடக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் வளாகம் எது, "ஸ்டடி சென்டர்" ஏதாவது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மருத்துவமனை சொந்தமா, ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் எந்தெந்த வார்டுக்கு, வருடத்தில் எத்தனை வாரம்? கட்டணத்தில் இன்டர்ன்ஷிப் வருடத்துக்கும் பணம் கேட்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருடக் கட்டணத்தைச் சொல்லிச் சேர்த்துவிட்டு நான்காம் வருடத்துக்குத் தனி ரசீது போடும் இடங்கள் உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால், சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஏஜென்ட்டுக்குப் பத்து பைசா கொடுக்க வேண்டாம்.

---

ஐசியு_பெட்9:

போய்ப் பாக்கற அன்னிக்கு ஆபீஸ்ல மட்டும் உக்காந்துட்டு வராதீங்க அக்கா. காலைல 8 மணிக்கு ரவுண்ட்ஸ் நேரத்துல போய், மூணாம் வருஷப் பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு கேளுங்க. வார்டுல நோட்டும் கையுமா இருந்தா நல்லது. பில்லிங் கவுன்டர்லயும், ஃபைல் தூக்கிட்டு லிஃப்ட்லயும் இருந்தாங்கன்னா அங்க பிள்ளையைச் சம்பளம் இல்லாத ஆளாத்தான் வெச்சிருக்காங்க. பாடம் நடத்தறவங்கள்ல பிசிஷியன் அசிஸ்டன்டே படிச்சவங்க எத்தனை பேருன்னும் கேளுங்க.

லீவுக்கு: +2 விலங்கியல் புஸ்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ரத்த ஓட்டம், சுவாசம், கழிவு நீக்கம் இந்த மூணையும் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்துலேந்தே இங்கிலீஷ் வார்த்தையோட சேத்து இன்னொரு தடவை படிக்கட்டும். தமிழ் வார்த்தையை ஒரு பக்கம், இங்கிலீஷ் வார்த்தையை எதிர்ப்பக்கம் எழுதி ஒரு நோட்டு, தினம் பத்துப் பத்தா. கூடவே கணக்கு, அதுவும் வாய்க்கணக்கு. 2 சதவீத லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கற மருந்து)னா ஒரு மில்லில 20 மில்லிகிராம். அட்ரினலின் கலக்காத மருந்துக்கு ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம்தான் உச்சம்னா, 50 கிலோ ஆளுக்கு 225 மில்லிகிராம், அதாவது 11 மில்லிக்கு மேல போகக் கூடாது. டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்ற பிள்ளையை தியேட்டர்ல பக்கத்துல நிக்க வெச்சுக்குவாங்க.

தடுப்பூசியையும் இப்பவே பாருங்க. ஹெபடைட்டிஸ் பி மூணு ஊசி: இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. கடைசி ஊசி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல எதிர்ப்புச் சத்து அளவு டெஸ்ட், 10-க்கு மேல இருக்கணும். வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி இது முடியணும்னா முதல் ஊசியைக் காலேஜ் திறக்கற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.